துபாய்க்கு மே மாதம் வேண்டாம், தை மாதம் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், கோடை விடுமுறைக்குத் துபாய் போவது பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நீலக் கடல், வெள்ளை மணல், பின்னால் பாய் விரித்த கப்பல் மாதிரி புர்ஜ் அல் அரபு ஓட்டல். படங்கள் எல்லாம் கண்ணைப் பறித்தன. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் மே மாதம் குடும்பத்தோடு போய் வரலாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை மாற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். எங்கள் மன்னார்குடிப் பக்கம், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் ஓடு போய் மாடி வந்த வீடுகள் அதிகம். உங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் டிக்கெட் விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

என் தங்கை குடும்பம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மே மாதக் கடைசியில் போனது. ஏலச்சீட்டு எடுத்த பணம். ஐந்து பகல், நான்கு இரவு, எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று ஓர் ஏஜென்ட் பேசி முடித்தார். ஓட்டல் துபாய்க்குப் பக்கம்தான் என்றார். பக்கம்தான், ஆனால் அடுத்த எமிரேட்டான (நம் மாநிலம் மாதிரி) சார்ஜாவில். காலையில் துபாய்க்குப் போகும் கூட்டமும் சாயங்காலம் திரும்பும் கூட்டமும் அந்தச் சாலையில்தான் நெருக்கியடிக்கும். தங்கை குடும்பம் ஒவ்வொரு நாளும் அதில் மாட்டியது. கடற்கரைக்குக் கூட்டிப்போன நேரம் காலை 11 மணி. ஆறு வயதுப் பையன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடலைப் பார்த்து ஓடினான். பாதி தூரத்தில் முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் வர முடியாமல் நின்று அலறினான். அவன் அப்பா ஓடித் தூக்குவதற்குள் இரண்டு பாதத்திலும் கொப்புளம். அப்புறம் மூன்று நாள் அவனைத் தூக்கிக்கொண்டு மால் மாலாக நடந்தார்கள். பிள்ளைகள் ஆசையாகக் கேட்ட குளோபல் வில்லேஜ் என்ற பொருட்காட்சி அதற்குள் மூடிவிட்டது. அது குளிர்காலத்துக்கு மட்டும் நடப்பது, வெயில் ஏறியதும் மூடிவிடுவார்கள் என்று ஏஜென்ட்டும் சொல்லவில்லை, பேப்பரிலும் யாரும் எழுதவில்லை. மிராக்கிள் கார்டன் என்ற பூந்தோட்டமும் அப்படித்தான், கோடையில் பூட்டுதான். ஏசிக்குள் உட்கார எதற்கு விமானம் ஏறினோம் என்று தங்கை வந்து என்னிடம் அழுதாள்.

வேலூர் வெயிலையே பார்த்தவர்கள் நாம், அங்கே என்ன பெரிய வெயில் என்று சிலர் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் 2001 முதல் 2020 வரை துபாயில் ஏசி டக்ட் (குளிர்காற்று போகும் தகரக் குழாய்) வேலை பார்த்தவர். அவரிடம் கேட்டால், "நம்ம ஊர்ல நிழலுக்குப் போனா வெயில் விட்டுடும். அங்க நிழலும் சுடும், காத்தும் சுடும்" என்பார். மே மாதத்திலேயே பகலில் 40 டிகிரியைத் தொடும், கடல் பக்கம் என்பதால் ராத்திரியும் புழுக்கம் குறையாது. அந்த நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். கல்லையும் கம்பியையும் தூக்கிப் பழகிய உடம்புக்கே ஆகாது என்று அரசாங்கம் ஒதுக்கிய வெயில் அது. அதன் வாசலில் நிற்கும் மாதம்தான் மே. அங்கே சின்னப் பிள்ளையையும் கிழவியையும் கொண்டுபோய் நிறுத்தலாமா?

ஜனவரியில் அதே ஊர் வேறு மாதிரி. பகலில் 24, 25 டிகிரி. ராத்திரி 15 பக்கம் இறங்கும், பாலைவனத்தில் இன்னும் குறையும். பொங்கல் முடிந்து நாங்கள் போனபோது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தோம்.

நம் பள்ளிக்கூட விடுமுறைகள் அந்த ஊரின் பருவத்தோடு ஒத்துப்போவதே இல்லை என்பதுதான் சிக்கல். முழுப் பரீட்சை லீவு கொதிக்கும். காலாண்டு லீவு செப்டம்பர் கடைசியில் வரும், அப்போதும் சூடு முழுசாகத் தணிந்திருக்காது. அரையாண்டு லீவு கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை. பருவம் நன்றாக இருக்கும், ஆனால் உலகமே அங்கே வந்து இறங்கும் வாரம் அது, ஓட்டல் வாடகை பல மடங்கு ஏறிவிடும். மிஞ்சுவது பொங்கல். பொங்கலை வீட்டில் கொண்டாடி, மாட்டுப்பொங்கலும் முடித்து, காணும் பொங்கலன்று ராத்திரி திருச்சியில் விமானம் ஏறினோம். பிள்ளைகளுக்கு மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். மகள் ஒன்பதாவது, மகன் ஐந்தாவது. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இது சரிப்படாது, அவர்கள் ஒரு வருஷம் பொறுக்கத்தான் வேண்டும். ரமலான் எப்போது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும் நோன்பு இப்போது தை மாதத்தை நெருங்கிவிட்டது. நோன்பு மாதத்தில் போகக் கூடாது என்றில்லை, சாப்பாட்டுக் கடைகளும் இருக்கும். ஆனால் பல இடங்களில் திறக்கும் நேரம் மாறிவிடும்.

நான் இதை இவ்வளவு அக்கறையாக எழுதக் காரணம் இருக்கிறது. எனக்குக் கல்யாணம் 2007-இல். அவர் கொரோனா சமயத்தில், வெளிநாட்டில் மாட்டியவர்களை அரசாங்கம் அழைத்துவந்த வந்தே பாரத் விமானத்தில் திரும்பி வந்தது 2020-இல். அந்த 13 வருஷத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒன்றரை வருஷம்கூடத் தேறாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு, அவ்வளவுதான். துபாய் என்பது எனக்கு வெள்ளிக்கிழமை வரும் போன், அட்டைப்பெட்டியில் வரும் பால்பவுடர், டாங், தலைவலித் தைலம். அவருக்குச் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் இரண்டடுக்குக் கட்டில், விடியற்காலை நாலரை மணி பஸ். அந்த ஊரை நான் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல வருஷத்து ஆசை. அவர் அதை விடுமுறைக்கு வந்தவராகப் பார்க்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய ஆசை. எங்கள் பக்கம் என்னைப் போல ஆயிரம் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் போவார்கள். அந்த ஒரு தடவை மே மாதமாக ஆகிவிடக் கூடாது.

ஏஜென்ட் இல்லாமலே போவது என்று முடிவெடுத்தோம். புரட்டாசியிலேயே உட்கார்ந்துவிட்டோம். என்னுடைய தையல் கணக்கு நோட்டில் பின்பக்கத்திலிருந்து மகள் எழுதினாள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். அத்தையுடையதை, அதாவது என் மாமியாருடையதைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சுற்றுலா விசாவுக்குத் திரும்பி வரும் டிக்கெட்டும் தங்குமிடம் பதிவு செய்த காகிதமும் கேட்டார்கள். தங்குவதற்குக் கடற்கரை ஓட்டல் வேண்டாம், மெட்ரோவுக்கு நடக்கும் தூரத்தில் பர் துபாயிலோ கராமாவிலோ போதும் என்றார் அவர். இட்லியும் ரசமும் தெருவுக்குத் தெரு கிடைக்கும், அத்தைக்கு அது போதும். துபாயில் ஓட்டல் வாடகைக்கு மேலே 'டூரிசம் திர்ஹாம்' என்று ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை வாங்குவார்கள், நட்சத்திரத்தைப் பொறுத்து. தங்கை குடும்பத்திடம் இது மாதிரி ஒரு கட்டணத்தைச் சார்ஜா ஓட்டல் கவுன்டரில் கேட்டபோது ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துச் சண்டை போட்டார்களாம். ஏமாற்று இல்லை, அரசாங்கத்துக் கட்டணம்தான். முன்னாலேயே சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. திர்ஹாம் டாலரோடு கட்டிப்போட்ட பணம், ஒரு டாலருக்கு 3.6725 என்று 1997 முதல் அப்படியே நிற்கிறது. அதனால் பேப்பரில் டாலர் ஏறினால் நம் செலவும் ஏறும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை விஷயத்தில் அவரே ஏமாந்தார். அவர் காலத்தில் வெள்ளிதான் விடுமுறை. அந்தக் கணக்கில் பழைய ரூம் நண்பரைப் பார்க்க வெள்ளிக்கிழமை முழுவதையும் ஒதுக்கிவிட்டார். மகள்தான் தேடிப் பார்த்து, 2022 ஜனவரி 1 முதல் அரசாங்க வார விடுமுறையைச் சனி, ஞாயிறு என்று மாற்றிவிட்டார்கள், வெள்ளி அரைநாள் என்றாள். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "19 வருஷம் வெள்ளிக்கிழமைக்காகவே உயிர் வாழ்ந்தோம், அதையும் மாத்திட்டானா" என்றார்.

இனி எழுதுவது எல்லாவற்றையும்விட முக்கியம். கிளம்புவதற்கு முதல் நாள் அத்தை குருமாப் பொடியும் குழம்புப் பொடியும் அரைத்துத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் பெட்டியில் வைத்துவிட்டார். பெட்டியை மூடப் போன என் வீட்டுக்காரர் குருமாப் பொடியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"அம்மா, இதுல கசகசா போட்டீங்களா?"

"போடாம குருமா எப்படிடா?"

அவர் முகம் மாறிவிட்டது. அந்த நாட்டில் கசகசாவைப் போதைப்பொருள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். சமையலுக்குத்தான் கொண்டுவந்தேன் என்று ஏர்போர்ட்டில் சொன்னால் எடுபடாது. அவர் பொட்டலத்தை மட்டும் எடுக்கவில்லை. பெட்டியையே கவிழ்த்துக் கொட்டி, துணியெல்லாம் உதறி, உள்பக்கத் துணியின் மடிப்பில் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தார். எங்கள் வீட்டுப் பெட்டி அது, முன்பு எதை எதை வைத்தோமோ. அப்புறம் அத்தை பக்கம் திரும்பி, மெதுவாக, "வெத்தலையும் வேணாம்மா" என்றார். வெற்றிலையும் அங்கே தடை செய்த பட்டியலில் இருக்கிறது. அத்தைக்கு 71 வயது. சாப்பிட்டதும் வெற்றிலை போடாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது அவருக்கு. அஞ்சு நாள் தானே என்று சுருக்குப்பையை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். அங்கே போய் ஒவ்வொரு வேளையும் சோம்பை வாயில் போட்டுக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

மருந்தும் அதே போலத்தான். நம் ஊரில் சர்க்கரைக்காரர்களுக்குக் கால் மதமதப்புக்கு எழுதிக் கொடுக்கிறார்களே ப்ரீகாபலின், அது அங்கே கட்டுப்பாட்டு மருந்து. டிரமடால், கோடீன் கலந்த இருமல் சிரப், சில தூக்க மாத்திரைகள் எல்லாம் அப்படித்தான். டாக்டர் சீட்டை வைத்து அந்நாட்டு அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அத்தையின் மாத்திரைக்கு மகள்தான் விண்ணப்பம் போட்டாள். மாத்திரையை டப்பாவில் கொட்டிக் கொண்டுபோகாமல் அட்டையோடு, சீட்டோடு கொண்டுபோங்கள். முழுப் பக்கக் கட்டுரையில் புர்ஜ் கலீஃபாவின் உயரத்துக்கு இடம் இருக்கும்போது, கசகசாவுக்கு இரண்டு வரி கொடுத்திருக்கலாம் என்பது என் வருத்தம்.

சரி, ஊருக்கு வருகிறேன்.

மெட்ரோவில் ஓட்டுநர் கிடையாது. 2009 செப்டம்பர் 9 அன்று திறந்தது. அந்தத் தூண்கள் எழும்பியதைக் கேம்ப் பஸ்ஸிலிருந்து தினமும் பார்த்தவர் இவர். டிக்கெட்டுக்குப் பதில் பணம் போட்டு வைக்கும் நோல் கார்டு ஆளுக்கு ஒன்று வேண்டும். தூரத்தைப் பொறுத்து 3, 5, அல்லது ஏழரை திர்ஹாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு. ஆண்கள் தெரியாமல் ஏறினால் அபராதம். உள்ளே சாப்பிட்டாலும் தண்ணீர் குடித்தாலும் 100 திர்ஹாம். மகன் சாக்லேட்டைப் பிரித்தபோது பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி பதறிக் கையைப் பிடித்துத் தடுத்தாள், அவளுக்குப் புண்ணியம். விமான நிலையத்தில் 1, 3 டெர்மினல்களில் மெட்ரோ நிலையம் இருக்கிறது, 2-இல் இல்லை. நம் டிக்கெட்டில் எந்த டெர்மினல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து டாக்ஸி எடுத்தால் மீட்டரே 25 திர்ஹாமில்தான் தொடங்கும். ஐந்து பேர் என்றால் சாதாரண காரில் ஏற்ற மாட்டார்கள், பெரிய வண்டி கேட்க வேண்டும்.

ஊருக்குள் புகுந்திருக்கும் கடல் கழியான க்ரீக்கைக் கடக்க அப்ரா என்ற மரப்படகு. ஆளுக்கு ஒரு திர்ஹாம். அந்த ஊரில் ஒரு திர்ஹாமுக்கு இவ்வளவு சந்தோஷம் தருவது வேறெதுவும் கிடையாது என்று நான் அடித்துச் சொல்வேன். பலகையில் வரிசையாக உட்கார்ந்துகொள்ள வேண்டும், டீசல் வாசம், தலைக்கு மேல் கடற்புள்ளுகள், கரையில் சரக்கு ஏற்றிய மரக்கலங்கள். முத்துக் குளித்துப் பிழைத்த ஊர் அது. 1930-களில் முத்து வியாபாரம் படுத்தது. எண்ணெய் கண்டுபிடித்தது 1966-இல்தான். அதே வருஷம் வரைக்கும் அங்கே புழங்கியது நம் ரூபாய் என்று ஷிந்தகா அருங்காட்சியகத்துக்குப் போகும் வழியில் அவர் பிள்ளைகளுக்குச் சொன்னார். வளைகுடாவுக்கென்றே நம் ரிசர்வ் வங்கி 1959-இல் தனி நோட்டு அடித்ததாம். "அப்ப நம்ம காசுக்கு அவங்க வேலை செஞ்சாங்களாப்பா?" என்று மகன் கேட்டான். அவர் பதில் சொல்லாமல் அவன் தலையைத் தடவினார்.

க்ரீக் கரையில் அல் ஃபாஹிதி என்ற பழைய குடியிருப்பு இருக்கிறது. ஈரானில் பஸ்தக் என்ற ஊரிலிருந்து வந்த வியாபாரிகள் கட்டிய வீடுகள், அதனால் பஸ்தாகியா என்றும் சொல்வார்கள். சந்து சந்தாகப் போகும், மண் நிறச் சுவர்கள், வீட்டின் தலையில் சதுரமாக ஒரு கோபுரம். நான் ஏதோ மணிக்கூண்டு என்று நினைத்தேன். அவர் ஒரு கோபுரத்துக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தவர், பார்த்தபடியே நின்றார். அப்புறம் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

"நாலு பக்கமும் திறந்திருக்கு பாரு. உள்ள பெருக்கல் குறி மாதிரி குறுக்குச் சுவர். காத்து எந்தப் பக்கத்துலேருந்து வந்தாலும் அதுல மோதிக் கீழ இறங்கும். அந்தப் பக்கம் வழியா சூடு மேல ஏறிப் போயிடும். கரண்ட் கிடையாது, கேஸ் கிடையாது, கம்ப்ரசர் கிடையாது."

மகனை இழுத்து அந்த இடத்தில் நிறுத்தினார். அவன் நெற்றி முடி லேசாக ஆடியது. நானும் போய் நின்றேன். வெளியே இருந்ததைவிடச் சில்லென்றுதான் இருந்தது. அவர் சுவரில் கையை வைத்துக்கொண்டு, "எங்க டக்ட்டுக்குப் பாட்டன் இது. 19 வருஷம் இந்த ஊர்ல காத்துக்கு வழி வெட்டினேன், இதை ஒருநாள்கூட வந்து பாக்கல" என்றார். பர்ஜீல் என்று அதற்குப் பெயர். மகள் நோட்டில் அதைப் படம் போட்டு அம்புக்குறியெல்லாம் வரைந்தாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சரிடம் காட்டியிருக்கிறாள். உங்கள் பக்கத்தில் இந்த இடத்தின் பெயரே இல்லை. உள்ளே நடக்கக் கட்டணம்கூட இல்லை.

புர்ஜ் கலீஃபாவுக்குப் போனோம். 2010 ஜனவரி 4 திறந்தார்கள், 828 மீட்டர். 124-ஆம் மாடிக்கான டிக்கெட் நேரத்தைப் பொறுத்து மாறும்; சூரியன் மறையும் நேரம்தான் கூடுதல் விலை. நாங்கள் காலையில் போனோம், பனி மூட்டமாக இருந்ததால் பாதிதான் தெரிந்தது. அத்தைக்கு அதைவிட ஸபீல் பூங்காவில் இருக்கும் துபாய் ஃப்ரேம்தான் பிடித்தது. 150 மீட்டர் உயரத்தில் ஜன்னல் சட்டம் மாதிரி நிற்கிறது. ஒரு பக்கம் பார்த்தால் பழைய ஊர், மறுபக்கம் புது ஊர். பழைய ஊர்ப் பக்கம் நின்று அவர் தன் கை பட்ட கட்டடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

மால்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ராத்திரி நீரூற்று ஆட்டத்தை மட்டும் வெளியே நின்று பார்த்தோம், அதற்குக் காசு வேண்டாம். தங்கம் வாங்கவில்லை. அங்கே விலை குறைவு என்று வாங்கிக் குவிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நகைக்குச் சுங்கச் சலுகை என்பது ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புபவர்களுக்குத்தான். ஐந்து நாள் சுற்றிவிட்டு வருகிறவர்களுக்கு அது கிடையாது.

டெஸர்ட் சஃபாரியில் மணல்மேட்டில் ஜீப்பை ஏற்றி இறக்கிக் குலுக்குவார்கள். இடுப்பு வலி, இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஏறவே கூடாது. அந்தக் குலுக்கல் இல்லாமல் நேராகக் கூடாரத்துக்குக் கூட்டிப்போகும் வண்டியும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். அத்தையும் நானும் அதில் போனோம். மகன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறி, பட்டதை எழுத வேண்டாம்.

ஒருநாள் காலை ராஸ் அல் கோர் போனோம். க்ரீக்கின் வால் பக்கம் இருக்கும் சதுப்பு நிலம், பறவைகள் சரணாலயம். மறைவுக் குடிலுக்குள் நின்று பார்த்தால் நூற்றுக்கணக்கில் பூநாரைகள், அவற்றுக்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள். அத்தை பிறந்தது வேதாரண்யம் பக்கம். "நம்ம கோடியக்கரைக்கு வர்றதுதானேடா இது, இதுக்கும் துபாய் விசா கெடைச்சுதா" என்று கேட்டதும் அங்கிருந்த காவலாளி சிரித்துவிட்டார். அவர் திருநெல்வேலிக்காரர்.

கடைசி நாள் சாயங்காலம் கடற்கரை. காசு வாங்கும் ஓட்டல் கடற்கரைகளைத்தான் எல்லோரும் படம் போடுகிறார்கள். கைட் பீச்சும் உம் சுகெய்ம் கடற்கரையும் பொதுவானவை, இலவசம். உம் சுகெய்மில் நின்றால் உங்கள் படத்தில் இருந்த அதே புர்ஜ் அல் அரபு கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. 2023-இல் ஜுமேராவிலும் உம் சுகெய்மிலும் ராத்திரியிலும் குளிக்கலாம் என்று மூன்று இடங்களில் விளக்குப் போட்டு, காப்பாற்றவும் ஆள் வைத்திருக்கிறார்கள். புடவையோடு, சுடிதாரோடு தண்ணீரில் இறங்கினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அடுத்தவர்களை, அதுவும் பெண்களை, கேட்காமல் படம் எடுக்க மட்டும் கூடாது, வழக்காகிவிடும்.

நாங்கள் மூன்றரை மணிக்குப் போனோம். நம் கடல் மாதிரி அலை அடிக்காது. குளம் மாதிரி வந்து காலைத் தொட்டுவிட்டுப் போகும். தண்ணீர் குளிர்ந்தது. பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். இவர் முழுக்கால் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கரையிலேயே நின்றார். 2007-இல் துபாய் மெரினா பக்கம் ஒரு கட்டடத்தில் வேலை. கண்ணாடி மாட்டாத ஜன்னல் வழியாக, முப்பத்தெட்டாவது மாடியிலிருந்து தினமும் இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டுதான் தகரம் மடக்கியிருக்கிறார். இறங்கிக் கால் நனைத்தது 19 வருஷத்தில் மூன்றே தடவை. "வெள்ளிக்கிழமை துணி துவைக்கணும், சமைக்கணும், உனக்குப் போன் பண்ண வரிசையில நிக்கணும். பஸ் புடிச்சு இங்க வர்றதுக்கு எங்க நேரம்?" என்றார். அப்புறம் அவர் அம்மாவின் கையைப் பிடித்து மெல்ல நடத்திக் கொண்டுபோனார். முழங்கால் அளவுக்குப் போனதும் அத்தை குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி, தலையில் தெளித்துக்கொண்டு, நாக்கில் தொட்டுப் பார்த்தார்.

"வேதாரண்யத்தைவிடக் கரிக்குதுடா."

உண்மைதான். மழை குறைவு, வெயில் அதிகம், அதனால் அந்த வளைகுடா நீரில் உப்பு நம் கடலைவிடக் கூடுதல். மகள் போனில் தேடிச் சொன்னபோது அத்தைக்குப் பெருமை. இருட்டும் வரை அவர்கள் இரண்டு பேரும் தண்ணீரில்தான் நின்றார்கள். நான் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருஷம் நான் யாருக்காகக் காத்திருந்தேனோ அவர் அங்கே தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது.

அவருடைய பழைய ரூம் நண்பர் பரமக்குடிக்காரர், இன்னும் கேம்ப்பில்தான் இருக்கிறார். அவருக்கு லீவு கிடைத்த நாளில் மீனா பஜார் பக்கம் வந்தார். மாவடு ஊறுகாயும் முறுக்கும் கொடுத்தோம். ஊறுகாய் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசினார். அவர் வீட்டில் யாரும் இன்னும் துபாய் பார்த்ததில்லை.

இவரைப் போல அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர்கள் குடும்பத்தோடு மறுபடி போகும்போது ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கிரெடிட் கார்டு பாக்கி, கட்டாமல் வந்த லோன், கம்பெனி கொடுத்த 'வேலையை விட்டு ஓடிவிட்டார்' என்ற புகார், இப்படி எது இருந்தாலும் அது அங்கே உயிரோடுதான் இருக்கும். பெண்டாட்டி பிள்ளை முன்னால் ஏர்போர்ட்டில் நிறுத்தி வைத்தால் எவ்வளவு கேவலம்? டிக்கெட் போடும் முன்னாலேயே விசாரித்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். விசா நாள் முடிந்து தங்கினால் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆசிரியர் அவர்களே, துபாய்ப் பக்கத்தை நீங்கள் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. ஏப்ரலில் போடாமல் அக்டோபரில் போடுங்கள். தை மாதத்துக்கு டிக்கெட் எடுக்க, பாஸ்போர்ட் புதுப்பிக்க, மருந்துக்கு அனுமதி வாங்க எல்லாம் அப்போது உட்கார்ந்தால்தான் ஆகும். எங்கள் தெருவில் டிக்கெட் விலை விசாரித்த இரண்டு வீட்டிலும் நான் போய்ப் பேசிவிட்டேன். ஒரு வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில் பேப்பரிலேயே மே மாதம் என்றுதான் போட்டிருக்கிறது என்று உங்கள் பக்கத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இதைப் பிரசுரித்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி.